சித்தியைப் பின்கட்டில் தங்க வைத்த கதை

அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த அமெரிக்காவுக்கு வந்து இறங்கி, இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்ட நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் போதும். அந்த மோட்டல் கதை வந்துவிடும். இரண்டு பேருக்கு என்று ரூம் எடுத்துவிட்டு எட்டுப் பேர் படுத்த கதை. ஒருவர் மட்டும் முன்னால் போய்ச் சாவி வாங்கி வருவார். மற்றவர்கள் காருக்குள் தலையைக் குனிந்துகொண்டு கிடப்போம். கார் மெதுவாகப் பின்பக்கம் போகும். பிறகு ஒவ்வொருவராக, ரைஸ் குக்கரைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு, உள்ளே நுழைவோம். தாளித்த வாசனை வெளியே போகாமல் கதவடியில் ஈரத் துண்டு. பாத்ரூம் ஃபேன் நிற்காமல் ஓடும். தரையில் வரிசையாகப் பிள்ளைகள்.

நீங்களும் செய்திருப்பீர்கள். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. ஆனால் அதே வித்தையை அப்பா ஒரு தடவை மோட்டலில் செய்யாமல், நூற்றைம்பது வருஷப் பழைய விடுதி ஒன்றில் செய்தார். அதையும் எங்கள் வீட்டில் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். "அப்பா ஒரே ஒரு பொய் சொல்லி ஓசியில இன்னொரு ரூம் வாங்கின கதை" என்று அதற்குப் பெயர். அதற்கு நான் சிரிக்க மாட்டேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. தம்பிக்கு ஆறு. டெக்சாஸில் ஹூஸ்டனுக்குப் பக்கத்து ஊரான கேட்டியில், எங்கள் தெரு முடிகிற இடத்தில் நெல் வயல் ஆரம்பிக்கும். இப்போது அந்த இடத்தில் இரண்டு பள்ளிக்கூடமும் ஒரு தோசைக் கடையும் இருக்கின்றன. அந்தக் கோடையில் சித்தி வந்திருந்தாள். அம்மாவின் தங்கை, முப்பது வயது. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் நடத்தினாள். வந்த மறுநாளே வயல் வரப்பில் இறங்கி நாற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இதப் பாக்கவா ரெண்டு நாள் பிளேன்ல வந்தேன்? இது எங்க காலேஜுக்குப் பின்னாலயே கிடக்கே" என்றாள்.

சித்தி விடுமுறைக்கு மட்டும் வரவில்லை. ஹூஸ்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆற்று மீன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. மூன்று வருஷம் விடாமல் எழுதிப் போட்டு வாங்கிய இடம். ஒரே ஒரு தாள்தான் பாக்கி. படிப்பு முடியும் வரை இவளுக்கு நான் பொறுப்பு என்று, இங்கே வேலை பார்க்கிற சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற ஸ்பான்சர் தாள். அப்பா போடுவதாகச் சொல்லியிருந்தார். தாள் அவருடைய மேஜை டிராயரில் இருந்தது. ஜூன் மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். "டிரிப் முடிச்சிட்டு வந்து சைன் பண்ணிடுறேன்" என்று சொல்லிவிட்டார். சித்தி தினமும் காலையில் காலண்டரைப் பார்ப்பாள். கேட்க மாட்டாள்.

டிரிப் என்று அப்பா சொன்னது நாட்செஸ். மிசிசிப்பி ஆற்றுக்கு மேலே மேட்டில் இருக்கிற பழைய ஊர். பருத்தி விற்றுப் பணக்காரர்களானவர்கள் கட்டிய வெள்ளைத் தூண் வைத்த மாளிகைகள் நிறைய உண்டு. அப்பாவின் ஆபீஸ் மேனேஜர், "அங்கே போனால் மோட்டலில் தங்காதே, பழைய விடுதியில் தங்கு, அதுதான் அனுபவம்" என்று சொல்லியிருந்தார். மேனேஜர் சொன்னால் அப்பாவுக்கு வேதவாக்கு. போனில் ரூம் கேட்டார். ஒரு ரூமில் பெரியவர்கள் இரண்டு பேர்தான், பிள்ளைகள் இருந்தால் பரவாயில்லை என்றார்களாம். "அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றார் அப்பா.

பக்கவாட்டில் மரப் பலகை மாதிரி ஸ்டிக்கர் ஒட்டிய அந்த நீளமான பெரிய கார் உங்களில் பலர் வீட்டிலும் இருந்திருக்கும். கடைசி சீட் பின்பக்கம் பார்த்து இருக்கும். அதில் நானும் சித்தியும் உட்கார்ந்து, போன வழியையே பார்த்துக்கொண்டு வந்தோம். சித்தி எலுமிச்சம்பழச் சாதம் கட்டியிருந்தாள். வண்டிக்குள் புளிப்பும் வேர்வையும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. லூசியானா சதுப்பு நிலம் வந்ததும் சித்தி கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு, "இந்தத் தண்ணிக்குள்ள என்னெல்லாம் கிடக்கும்!" என்றாள். ஒவ்வொரு பாலத்திலும் அதையே சொன்னாள்.

ஊருக்குள் நுழைந்து, அந்தத் தெருவுக்கு வந்ததும் அப்பா வழக்கம்போல, "எல்லாரும் குனிங்க" என்றார். தம்பியும் நானும் பழகியவர்கள், உடனே குனிந்தோம்.

"எதுக்கு அத்தான்? சுடுவாங்களோ?" என்றாள் சித்தி.

"பேசாம குனிம்மா. நான் போய்ச் சாவி வாங்கிட்டு வந்துடுறேன்."

மோட்டலுக்கும் விடுதிக்கும் உள்ள வித்தியாசம் அப்பாவுக்குத் தெரியவில்லை. மோட்டலில் ஒவ்வொரு ரூமுக்கும் வெளிக்கதவு உண்டு. இங்கே வீட்டுக்கே ஒரு வாசல்தான். அந்த வாசலில், ஆடுகிற நாற்காலியில், விடுதிக்காரம்மா உட்கார்ந்திருந்தார். அறுபது வயது, வெள்ளை முடி, காதில் முத்து. எங்கள் கார் வந்ததையும், அதற்குள் இருந்த தலைகள் ஒவ்வொன்றாக மறைந்ததையும் அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். தட்டில் எலுமிச்சை ஜூஸ் டம்ளர்களை வைத்துக்கொண்டு நேராகக் கார் ஜன்னலுக்கு வந்து குனிந்து, எல்லாரும் சௌக்கியம்தானா என்று கேட்டார்.

நாங்கள் நிமிர்ந்தோம். வேறு என்ன செய்வது?

வரிசையாக இறங்கி நின்றோம். அம்மா பேன்ட் சட்டை போட்டு, முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். சித்தி கசங்கின காட்டன் சேலையில், இடுப்பில் தம்பியும் கையில் போர்வை சுற்றிய ரைஸ் குக்கருமாக நின்றாள். அந்தம்மா எங்களை எண்ணினார். கையில் இருந்த நோட்டைப் பார்த்தார். இரண்டு பெரியவர்கள் என்றுதானே எழுதியிருக்கிறேன் என்றார். குரலில் கோபம் இல்லை. கேள்விதான் கேட்டார். உள்ளதைச் சொல்லியிருந்தால் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்திருப்பாரோ, வேறு ஏற்பாடு சொல்லியிருப்பாரோ, யாருக்குத் தெரியும்.

அப்பா சித்தியைக் காட்டி, "ஷி இஸ் அவர் மெய்ட். ஃப்ரம் இந்தியா" என்றார்.

அந்தம்மாவின் முகம் உடனே தெளிந்தது. வேலைக்காரப் பெண் என்றால் கணக்கில் சேராது, பின்னால் அவளுக்கென்று ஒரு ரூம் இருக்கிறது, சும்மாவே தருகிறேன், பிள்ளைகளுக்கும் பக்கத்தில் இருப்பாள் என்றார். அப்பா நாலு தடவை தேங்க் யூ சொன்னார்.

எங்கள் எல்லாரையும்விட நல்ல இங்கிலீஷ் தெரிந்தவள் சித்தி. மாணவிகளுக்கு இங்கிலீஷில் பாடம் நடத்துகிறவள். ஒவ்வொரு வார்த்தையும் அவள் காதில் விழுந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா தமிழில், சிரித்த முகத்தோடு, "ஒண்ணும் சொல்லிராத. ரெண்டு நாள்தான. அவரு மானம் போயிரும்" என்றாள்.

சித்தி குக்கரை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

பின்கட்டு எப்படி இருந்தது என்று சொல்கிறேன். முற்றத்தின் அந்தக் கோடியில் செங்கல்லால் கட்டிய நீளமான கட்டடம். கீழே பழைய சமையல்கட்டு, மாடியில் வரிசையாகச் சின்ன அறைகள். வெளிப்பக்கம் செங்குத்தான மரப்படி. சித்தியின் அறையில் இரும்புக் கட்டில், தலைக்கு மேலே கை எட்டுகிற உயரத்தில் கூரை, ஒரே ஒரு சின்ன ஜன்னல், அதில் முனகுகிற மேஜை ஃபேன். ஜூன் மாதம். சுவரைத் தொட்டால் சூடு. பெரிய வீட்டில் எங்கள் அறையில் ஏசி குளிர் எலும்பைத் தொட்டது. "சர்வன்ட்ஸ் குவார்ட்டர்ஸ்" என்று விடுதிக்காரம்மா அழகாகச் சொன்னார். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் மிசிசிப்பியில் எந்த வேலைக்காரர் சம்பளம் வாங்கினார்? அடிமைகளை அடைத்து வைத்த இடம் அது. பதினொரு வயதில் எனக்கு அது பாதிதான் தெரியும். சித்திக்கு முழுதும் தெரியும்.

படுக்கை விரித்துக் கொடுக்க ஒரு கறுப்பினப் பெண்மணி எங்களோடு மேலே வந்தார். விடுதி அறைகளைச் சுத்தம் செய்கிறவர், சித்தியின் வயதுதான் இருக்கும். இந்தக் குடும்பத்தில் எத்தனை வருஷமாக வேலை பார்க்கிறாய் என்று சித்தியிடம் கேட்டார்.

சித்தி அவரிடம் மட்டும் பொய் சொல்லவில்லை. நான் காலேஜில் விலங்கியல் நடத்துகிறேன், இவள் அம்மா என் அக்கா என்றாள்.

அந்தப் பெண்மணி தலையணை உறையைக் கையில் வைத்துக்கொண்டு சித்தியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பரிதாபப்படவில்லை. கொஞ்சம் எரிச்சல்பட்டார் என்றே நினைக்கிறேன். "எனக்கு இங்கே வேலை. நாலு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவேன். இதற்குள் நான் தூங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, விரிப்பை உதறிப் போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

சாயங்காலம் எங்கள் ரூமில் குக்கர் வைத்து, ஈரத் துண்டு போட்டு, தயிர்சாதம் ஆனது. சித்தியின் பங்கைத் தட்டில் வைத்து மூடி, முற்றத்தைத் தாண்டி நான்தான் கொண்டு போனேன். சித்தி படிக்கட்டில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"ரூம் சர்வீஸ் வந்தாச்சா?" என்றாள். "பரவால்லயே. வேலைக்காரிக்கு வேலைக்காரி!"

நான் சிரிக்கவில்லை. "நீங்க ஏன் சித்தி உண்மையச் சொல்லல?"

"சொல்லிட்டு? உங்கப்பா டிராயர்ல என் தாள் கிடக்கே ஏட்டி."

ஊறுகாயைத் தொட்டு நக்கிக்கொண்டாள். அவளுக்கு அது ஒன்றுதான் இருந்தது, அந்தத் தாள். என்ன விழுங்குகிறோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் காலைச் சாப்பாடு. அந்த விடுதியில் தங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே நீள மேஜையில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அது அங்கே வழக்கம். வெள்ளிக் கரண்டி, கனத்த துணி நாப்கின், வெண்ணெயில் மிதக்கிற பிஸ்கட் ரொட்டி. தாளிக்காத ரவை உப்புமா மாதிரி கிரிட்ஸ் என்று ஒன்று. மேஜைக்கு மேலே கூரையிலிருந்து ஒரு பெரிய மரப்பலகை தொங்கியது. கயிறு கட்டி இழுத்தால் அசைந்து காற்று வரும், ஈயும் ஓடும்.

"பாத்தியா, நம்ம ஊர் பங்கா!" என்றார் அப்பா, ஏதோ அவரே செய்து அனுப்பியது போல. எங்களோடு வேறு மாநிலத்திலிருந்து வந்த வயதான தம்பதி ஒன்று இருந்தது. அப்பா அவர்களிடம் பேச ஆரம்பித்தார். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டிருந்தால்கூட நான் இன்று விட்டிருப்பேன். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. இந்தியாவில் எங்கள் மாதிரிக் குடும்பங்களில் எல்லாரிடமும் வேலைக்காரர்கள் உண்டு, இவள் சின்ன வயதிலிருந்து எங்களோடு இருக்கிறாள், குடும்பத்தில் ஒருத்தி மாதிரி என்றார். அவர் வளர்ந்த வீட்டில் வேலைக்காரர் யாரும் கிடையாது. அவருடைய அம்மா பக்கத்து வீடுகளுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுத்தவர்.

அந்த வயதான அம்மா என் பக்கம் திரும்பி, அவள் பெயர் என்ன கண்ணே என்றார். அப்பா என்னைப் பார்த்தார்.

"சித்தி" என்றேன்.

அதுதான் பெயர் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அன்று முழுக்க விடுதிக்காரம்மா முற்றத்தில் நின்று, "சித்தி! சித்தி!" என்று கூப்பிட்டார். துண்டு எடுத்துப் போக, தம்பியின் செருப்பை எடுத்துப் போக. நானும் தம்பியும் மட்டும் கூப்பிடுகிற வார்த்தை அது. அதைத் தூக்கி அவர்கள் கையில் கொடுத்தவள் நான். அப்பாவை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு என்னை விட்டுவிடுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பகலில் ஒரு மாளிகை பார்க்கப் போனோம். குடை மாதிரி விரிந்த பாவாடை போட்ட பெண் ஒவ்வொரு அறையாகக் காட்டிக்கொண்டு வந்தாள். இந்தப் பீங்கான் எந்த நாடு, இந்தத் திரைச்சீலை எத்தனை கெஜம். சாப்பாட்டு அறையில் அங்கேயும் ஒரு பங்கா இருந்தது. எங்கள் கூட்டத்தின் கடைசியில் நின்ற சித்தி கையைத் தூக்கினாள், வகுப்பில் தூக்குகிற மாதிரி.

"அந்தக் கயிற்றை யார் இழுத்தார்கள்?"

வீட்டு வேலைக்காரர்கள் என்றாள் அந்தப் பெண்.

"எத்தனை வயது இருக்கும்?"

பெண் சிரித்துக்கொண்டே அடுத்த அறைக்குப் போனாள். அப்பா சித்தியின் பக்கம் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "மெய்ட் கேக்குற கேள்வியாம்மா இது? அந்த விடுதிக்காரிக்குத் தெரிஞ்சவங்க யாராவது இங்க இருந்தா?" என்றார்.

"இனிமே கேக்கல அத்தான்" என்றாள் சித்தி.

பிறகு ஆற்று மேட்டுக்குப் போனோம். அவ்வளவு பெரிய ஆற்றை நான் பார்த்ததில்லை, சித்தியும் பார்த்ததில்லை. பழுப்புத் தண்ணீர் அவசரமே இல்லாமல் நகர்ந்தது. அவள் அரை மணி நேரம் அங்கேயே நின்றாள். அவள் முகத்தில் இருந்த ஆசையை நான் அதற்குப் பிறகு எந்த மனிதர் முகத்திலும் பார்க்கவில்லை. அப்பா போட்டோ எடுத்தார். எடுத்தவுடன் கேமராவின் வாயிலிருந்து வருமே, உதறி உதறிக் காயவைப்போமே, அந்தப் போட்டோ. இப்போது அது எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டிய நாள். அறைகளைக் கவனித்த பெண்மணிக்கு அன்று லீவு. காலைச் சாப்பாடு முடிகிற நேரத்தில் விடுதிக்காரம்மா அப்பாவிடம் வந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார். எனக்கு இன்று கைக்கு ஆள் இல்லை, உங்கள் வேலைக்காரப் பெண் கொஞ்சம் பாத்திரம் கழுவிக் கொடுப்பாளா?

"ஷ்யூர், ஷ்யூர்" என்றார் அப்பா. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தமிழில், "ஏம்மா, கொஞ்சம் ஹெல்ப் பண்ணிடு. பத்து நிமிஷ வேலை" என்றார்.

சித்தி தம்பிக்கு ஊட்டுவதற்காக உள்ளே வந்து, அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா நாப்கினை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். சித்தி தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள். அந்த வயதான தம்பதியின் எச்சில் தட்டு, அப்பாவின் தட்டு, என்னுடையது. எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் எழுந்து நின்றேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"ஷி இஸ் நாட் அவர் மெய்ட்" என்றேன். அவள் என் அம்மாவின் தங்கை, காலேஜில் பாடம் நடத்துகிறாள், நீங்கள் இரண்டு பேர்தான் என்று சொன்னதால் அப்பா பொய் சொன்னார் என்று இங்கிலீஷில் கத்தினேன். கத்தாமல் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

அப்பா சிரித்தார். "ஷி டெல்ஸ் ஸ்டோரீஸ்" என்றார். பிள்ளைக்குக் கற்பனை அதிகமாம்.

விடுதிக்காரம்மா அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு சமையலறைக் கதவுப் பக்கம் திரும்பினார். சித்தி அங்கே வந்து நின்றிருந்தாள். பிள்ளை சொல்வது உண்மையா என்று அவளிடமே கேட்டார்.

எல்லாரும் சித்தியைப் பார்த்தோம். அப்பாவின் கண் எப்படி இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டிராயரும் தாளும் எல்லாம் அந்தக் கண்ணில் இருந்தன. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆறு மணி நேரத்தில் கேட்டி, மறுநாள் கையெழுத்து.

சித்தி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "உண்மைதான்" என்றாள். "நான் இன்னும் சாப்பிடவில்லை. இங்கே உட்காரலாமா?"

விழுந்த நாற்காலியைத் தூக்கி நிறுத்தி, என் பக்கத்தில் அதில் அவளே உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். விடுதிக்காரம்மா சிவந்துபோய், சுத்தமான தட்டு ஒன்றைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். சித்தி கிரிட்ஸை ஒரு கரண்டி வாயில் போட்டு, "உப்பே இல்லையேடி" என்று தமிழில் என்னிடம் சொன்னாள். முழுதும் சாப்பிட்டு முடித்தாள். அது வரை அப்பா காரில் போய் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வரும் வரை அப்பா வாயைத் திறக்கவில்லை. வந்த பிறகு ஒரு வாரம் சித்தியோடு பேசவில்லை. பிறகு அம்மாவிடம் சொல்லி அனுப்பினார். சைன் பண்ணுகிறேன், அவள் ஒரு சாரி சொல்லட்டும், வெள்ளைக்காரர்கள் முன்னால் என் மானத்தை வாங்கிவிட்டாள்.

சமையலறையில் அம்மா கெஞ்சியது எனக்குக் கேட்டது. "ஒரே ஒரு சாரிதானடி. சொல்லிட்டு உன் படிப்பப் பாரு."

"எதுக்குக்கா சாரி? உக்காந்து சாப்பிட்டதுக்கா?"

ஜூன் முடிந்தது. டிராயரில் இருந்த தாள் டிராயரிலேயே இருந்தது. சித்தி ஊருக்குத் திரும்பிப் போனாள். விமான நிலையத்தில் என் தலையில் கை வைத்து, "படி" என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு என் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படி நினைக்க வைப்பதற்கு வீட்டில் ஆள் இருந்தது. நான் எதிர்த்துப் பேசும்போதெல்லாம் அம்மா சொல்வாள்: "உன் வாயாலதான் அவ படிப்பு போச்சு." கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்ற பிறகும் சொன்னாள். சாகிறதுக்கு ஒரு மாதம் முன்பும் சொன்னாள். வெளியில் கேட்பவர்களுக்கு அப்பா வேறு காரணம் சொல்வார். அவளுக்கு இந்த ஊர் ஒத்துக்கவில்லை, வீட்டு ஞாபகம், அழுதுகொண்டே போய்விட்டாள். அவள் அழுததை நான் பார்க்கவே இல்லை.

அப்பாவுக்கும் பயம் இருந்தது, எனக்குத் தெரியும். புதிதாக வந்தவர்; வாசலில் நிற்க வைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று எந்தக் கதவைப் பார்த்தாலும் அவருக்குப் பயம். அது எனக்கு இப்போது புரிகிறது. புரிந்ததால் கோபம் குறையவில்லை. அவருடைய பயத்துக்கு விலை கொடுத்தவள் வேறு ஒருத்தி.

இந்த ஜனவரியில் ஊருக்குப் போயிருந்தேன். சித்திக்கு எழுபத்து மூன்று. நாற்பத்து இரண்டு வயதில் நெல்லையிலேயே, தாமிரபரணி மீன்களைப் பற்றி எழுதி டாக்டர் பட்டம் வாங்கினாள். துறைத் தலைவியாக இருந்து ஓய்வு பெற்றாள். காலையில் என்னை மீன் மார்க்கெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். மீன்காரரிடம், "செவுளத் தூக்கிக் காட்டும். எனக்கேவா?" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். அவர் வெட்டுகிற நேரத்தில், நாற்பத்து மூன்று வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"சித்தி, அன்னைக்கு நான் வாயத் திறக்காம இருந்திருக்கணுமோ?"

மீன்காரரின் கத்தியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தட்ட எடுத்துட்டு உள்ள போனேம்லா? குழாயத் திறந்துட்டேன். சோப்பும் போட்டுட்டேன். மொதத் தட்டு கையில இருக்கு. கழுவிட்டு வந்துருவோம், பத்து நிமிஷம்தானன்னு இருந்தேன் ஏட்டி. அப்பதான் ஒன் சத்தம் கேட்டுச்சு." மீன்காரர் பையை நீட்டினார், வாங்கிக்கொண்டாள். "நீ கத்தலன்னா கழுவியிருப்பேன். அப்புறம் அமெரிக்காவுல என்ன படிச்சாலும் நான் அதக் கழுவுனவதான்."

மார்க்கெட் நடுவில் நின்று அழுதேன். ஈரமாகக் கிடக்கிறது, காலைப் பார்த்து வை என்று என்னைத் திட்டிக்கொண்டே முன்னால் நடந்தாள்.

திரும்பி வந்ததும் அப்பாவிடம் இதை அப்படியே சொன்னேன். இப்போது கேட்டியில் என்னோடுதான் இருக்கிறார். எண்பத்து நாலு வயது, காது நன்றாகக் கேட்கும். "இன்னும் அதையேவா பிடிச்சிட்டு இருக்க?" என்றார். ஆமாம் என்றேன். டப்ளினில் இருக்கிற தம்பி போனில், "அக்கா, லெட் இட் கோ. ஹி இஸ் ஓல்ட்" என்றான். உனக்கு அன்று ஆறு வயது, உனக்கு ஊட்டத்தான் அவள் அங்கே நின்றாள், நீ பேசாதே என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தியின் நம்பரைப் போட்டு அப்பாவின் கையில் கொடுத்தேன். "என்ன பேசணும்?" என்றார்.

"உங்களுக்கே தெரியும்."

இருபது நிமிஷம் பேசினார். முழங்கால் வலி, இங்கே குளிர், அங்கே மழை, பேத்தியின் காலேஜ். சித்தியும் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். ஒரு இடத்தில் அப்பா நிறுத்தினார். மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. நான் எழுந்து பக்கத்தில் போனேன். "சரிம்மா, உடம்பப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார்.

பரவாயில்லை. அடுத்த ஞாயிறும் போட்டுக் கொடுப்பேன். அதற்கு அடுத்த ஞாயிறும்.